ஈரச் சோளம்: அப்பா சொல்வதும் மச்சான் சொல்வதும்

கேள்வி: வணக்கம் டொக்டர். கொடிகாமத்திலிருந்து எழுதுகிறேன். மூன்று பால்மாடுகளும் நான்கு நாம்பன்களும் வைத்திருக்கிறேன். எட்டுப் பரப்புக் காணியில் காலபோகத்துக்குச் சோளம் போடுவேன். நல்ல வருடத்தில் காய்ந்த மணியாக 700 கிலோ அளவில் வரும். போன தை மாதம் பொத்தி முற்றிய நேரம் பார்த்து விடாமல் மழை. முறித்ததை விறாந்தையில் பரப்பியும் காயவில்லை. பாதிக்கு மேல் பூஞ்சணம் பிடித்துவிட்டது. கனடாவில் அல்பேர்ட்டாவில் இருக்கும் என் மச்சான், அங்கே பார்லியை ஈரத்தோடு வெட்டி நசுக்கி மூடிவைத்து இறைச்சி மாடுகளுக்குப் போடுகிறார்கள் என்று வீடியோ அனுப்பியிருக்கிறார். நாங்களும் பார்லி போடலாமா? சோளத்தை அப்படி வைக்கலாமா? ஈரத் தானியம் மாட்டைக் கொல்லும் என்று அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். நாம்பன்களை எலும்பும் தோலுமாக விற்க எனக்கு மனம் வரவில்லை. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் அப்பா சொல்வதும் சரி, மச்சான் அனுப்பிய வீடியோவும் சரி. அப்பா தன் வாழ்நாளில் கண்டது காற்றுப்பட்ட ஈரத் தானியம். வீடியோவில் இருப்பது காற்றுப்படாத ஈரத் தானியம். தை மாதம் உங்கள் விறாந்தையில் கிடந்தது முதலாவது வகை. அதனால் அப்பாவின் பயத்தைத் தள்ளிவைக்காதீர்கள். இந்த வேலையைச் செய்வதென்றால் ஒவ்வொரு படியிலும் அந்தப் பயம் கூடவே இருக்க வேண்டும்.

முதலில் அங்கே ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். தெற்கு அல்பேர்ட்டாவில், லெத்பிரிட்ஜ் நகரைச் சுற்றி, ஆயிரக்கணக்கில் மாடுகளை அடைத்துக் கொழுக்கவைக்கும் பட்டிகள் இருக்கின்றன. அந்த மாடுகளின் முக்கிய தானியம் பார்லிதான். களஞ்சியத்தில் கெடாமல் இருக்க பார்லியின் ஈரம் ஏறத்தாழ 14 வீதத்துக்கு இறங்க வேண்டும். ஆனால் ஓகஸ்ட், செப்டெம்பரில் அறுவடை நடக்கும்போது மழை பிடிக்கலாம், பின்னால் பனி உறைவும் வந்துவிடும். ஆகவே சிலர் அதுவரை காத்திருக்காமல், ஈரம் 25 முதல் 30 வீதம் இருக்கும்போதே, அதாவது பத்து நாள், இரண்டு கிழமை முந்தியே வெட்டிவிடுவார்கள். உருளைகளுக்கிடையில் விட்டு மணியை நசுக்கி, பெரிய தொட்டியிலோ நீளமான பிளாஸ்ரிக் பையிலோ இறுக்கி அடைத்து மூடுவார்கள். காய்ச்சும் எரிபொருள் மிச்சம், வயலில் உதிர்ந்துபோகும் மணியும் குறைவு.

மூடிய பிறகு உள்ளே நடப்பது நாங்கள் தயிர் உறைய வைப்பது போன்ற ஒரு வேலைதான். இடையில் மிஞ்சிய கொஞ்சக் காற்றை மணியும் கிருமிகளும் சேர்ந்து மூச்சுவிட்டே முடித்துவிடும். பிறகு, பாலைத் தயிராக்கும் அதே இனத்துப் பற்றீரியாக்கள் தானியத்திலுள்ள சீனியைத் தின்று புளிப்பை உண்டாக்கும். காற்றும் இல்லாமல் புளிப்பும் ஏறியபின் பூஞ்சணம் வளர வழியில்லை. மூன்று கிழமையில் எல்லாம் அடங்கி, தானியம் அப்படியே நிற்கும். காற்று மட்டும் உள்ளே போகக்கூடாது.

இனி பார்லி. இங்கே வேண்டாம். அது குளிர்ந்த காலநிலைப் பயிர். மணி பால்பிடிக்கும் காலத்தில் குளிர் கேட்கும். எங்கள் மார்கழி வாடைக்காற்று எங்களுக்குப் போர்வை கேட்கும் குளிரே தவிர பார்லிக்குப் போதாது. பார்லி என்றால் எங்கள் வீடுகளில் சிறுநீர்க் கடுப்புக்கு அவித்துக் குடிக்கும் பார்லித் தண்ணிதான் ஞாபகத்துக்கு வரும், அதுவும் கடையில் வாங்கும் வெளிநாட்டு மணி. மாட்டுக்கு அதைத் தேடிப் போகத் தேவையில்லை. உங்கள் காணியில் நிற்கும் சோளத்தையே இதே முறையில் ஈரத்தோடு வைக்கலாம். வெளிநாடுகளில் அதையும் பரவலாகச் செய்கிறார்கள்.

எப்போது முறிப்பது? நாள் கணக்குப் பார்த்து முறிக்காதீர்கள். காணியின் நடுவிலிருந்து நாலைந்து பொத்திகளை எடுத்து, பொத்தியின் நடுப்பகுதி மணியொன்றைக் கழற்றுங்கள். மணி தண்டோடு ஒட்டியிருந்த கூர் நுனியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கறுப்பாக ஒரு மெல்லிய படை தெரிந்தால் மணிக்குள் போகவேண்டிய மா எல்லாம் போய் முடிந்தது என்று அர்த்தம். அந்த வேளையில் மணியின் ஈரம் 32 முதல் 35 வீதம் இருக்கும். அதிலிருந்து சில நாளில் 30க்குக் கிட்ட வரும். உங்களுக்கு வேண்டியது 28 முதல் 32 வீதம். நகம் வெண்மாவில் பதியாமல் பால் கசிந்தால் இன்னும் பொறுங்கள்.

ஈரத்தைக் கண்ணால் மட்டும் மதிக்க வேண்டாம், அளந்து பார்க்கலாம். நசுக்கிய மணி 100 கிராமைத் தராசில் நிறுத்து ஒரு தட்டில் பரப்பி, அயலில் உள்ள பேக்கரியில் பாண் போட்டு முடிந்த போறணைச் சூட்டில் ஒரு இரவு வைக்கச் சொல்லுங்கள். காலையில் 70 கிராம் நின்றால் ஈரம் 30 வீதம். 78 கிராம் நின்றால் ஈரம் 22 வீதம்தான். அது குறைவு. அப்படியே அடைத்தால் புளிக்காது, சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். அந்த நிலையில் 100 கிலோவுக்கு 11 லீற்றர் நல்ல தண்ணீர் தெளித்துக் கலந்தால் 30க்கு வந்துவிடும். வெயில் விட்டுவிட்டு அடிக்கும் வருடத்தில் மணி வேகமாகக் காய்ந்துவிடுவதால் இது கைகொடுக்கும்.

அடுத்தது நசுக்குவது. ஈரப் பொத்தியை மணி கழற்றும் இயந்திரத்தில் போட்டால் களியாகும், அரிசி மில்லுக்குக் கொண்டுபோனால் அவர்கள் ஏற்கமாட்டார்கள். உங்கள் அளவுக்கு நான் சொல்வது, தோலை உரித்து, பொத்தியை நடுத்தண்டோடு புல்லு வெட்டும் இயந்திரத்தில் இரண்டு தரம் விடுங்கள். தண்டும் மாட்டுக்கு உணவுதான், சத்துக் கொஞ்சம் குறையும், ஆனால் நார் கூடுவதால் வயிற்றுக்குப் பாதுகாப்பும் கூடும். ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். முழு மணி அங்கொன்று இங்கொன்று தவிர இருக்கக்கூடாது. முழுதாகப் போகும் மணி சாணத்தோடு முழுதாகவே வெளியே வந்து, உங்கள் கோழிகளுக்குத்தான் உதவும். முறிக்கும்போதே பூஞ்சணம் கண்ட பொத்தி, படைப்புழு குடைந்து கறுத்த பொத்தி, கிளி கொத்தி நனைந்த பொத்தி எல்லாவற்றையும் தனியே எறிந்துவிடுங்கள். புளிக்கவைப்பதால் பூஞ்சண நஞ்சு அழியாது.

இப்போது எல்லாரும் தவறவிடும் இடத்துக்கு வருகிறேன். வீடியோவில் மூடும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். திறந்தபிறகு என்ன நடக்கிறது என்று மச்சானிடம் கேட்டுப் பாருங்கள். திறந்த முகத்தில் காற்றுப்பட்ட நிமிடத்திலிருந்து கெடுதல் தொடங்கிவிடும். அங்கே ஆயிரம் மாடுகள் நாளாந்தம் தின்று அந்த முகத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகின்றன. போதாததற்கு ஆறு மாதம் குளிர்காலம், வெளியே எல்லாம் உறைந்து கிடக்கும். எங்களுக்கோ பங்குனி, சித்திரையில் கொட்டிலுக்குள் நின்றாலே வியர்க்கிறது. சூடான காலநிலையில் நாளுக்குப் பத்து சென்ரிமீற்றராவது முகத்திலிருந்து எடுத்து முடிக்க வேண்டும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 200 லீற்றர் நீலப் பரலில் இறுக்கி அடைத்தால் அண்ணளவாக 150 கிலோ பிடிக்கும். பரலின் உயரம் 90 சென்ரிமீற்றர் அளவு. நாளுக்குப் பத்து சென்ரிமீற்றர் என்றால் ஒரு பரலை ஒன்பது நாளில் முடிக்க வேண்டும், நாளுக்கு 16, 17 கிலோ. பழகிய பிறகு நாம்பனுக்கு 2 கிலோ, பால்மாட்டுக்கு ஒன்றரைக் கிலோ என்று வைத்தாலும் உங்களுக்கு நாளுக்கு 12.5 கிலோதான் போகும். முதல் நாலு நாளில் அதில் மூன்றிலொரு பங்குகூடப் போகாது. பரலின் அடியில் கிடப்பது கெட்டுவிடும். நிலத்தில் குழி வெட்டி மூடுவது இன்னும் மோசம், உங்கள் அளவுக்கு அதை நினைக்கவே வேண்டாம்.

ஆகவே சின்னப் பைகள். 25 கிலோ பிடிக்கும் தடித்த பொலித்தீன் பை, அதற்கு வெளியே ஒரு உரப்பை. கையளவு கனத்துக்குப் போட்டுப் போட்டு, மூலைகளை முட்டியால் குத்தி இறுக்குங்கள். மேலே நிரம்பியதும் பையின் வாயைச் சேர்த்துப் பிடித்து, மேலே ஏறி முழங்காலால் அழுத்தி மிச்சக் காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்து இறப்பர்ப் பட்டியால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். முறித்த அன்றே வெட்டி அன்றே கட்ட வேண்டும். இரவில் குவித்து வைத்தால் விடியக் கையை விட்டுப் பார்க்கச் சுடும், அந்தச் சூடெல்லாம் வீணாய்ப்போன சத்து. கட்டிய பைகளை நாலு நாலாகப் பரலுக்குள் இறக்கி மூடியைப் போட்டு நிழலில் வைத்தால் எலியும் அணிலும் காகமும் தொடமுடியாது. எலி போட்ட ஒரு துளை போதும், ஒரு பை முழுவதும் போய்விடும். மாடுகள் பழகிய பிறகு ஒரு பை இரண்டு நாளில் முடிகிறது, பிறகு அடுத்ததைத் திறக்கிறீர்கள். மணி மட்டும் என்று கணக்கிட்டால், உங்கள் 700 கிலோ காய்ந்த சோளம் 30 வீத ஈரத்தில் 870 கிலோ அளவுக்கு வரும். நாளுக்கு 12.5 கிலோ வீதம் எழுபது நாளுக்குத் தீனி.

எடை கூடியதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். கூடியது தண்ணீர். ஈரச் சோளம் 2 கிலோவில் உள்ள சத்து, காய்ந்த சோளம் 1.6 கிலோவில் உள்ளதுதான். பை உரப்பை விலையும் உங்கள் உழைப்பும் சேர்த்துப் பார்த்தால், தை மாதம் வெயில் நன்றாக விழும் வருடத்தில் பேசாமல் காயவைத்து, 13 வீதத்துக்கு இறக்கிக் கட்டிவைப்பதே மலிவு. ஈரமாக வைப்பது, மழை விடாத வருடத்தில் விளைச்சலைக் காப்பாற்றும் வழி.

சரி, போடுவது எப்படி? இங்கேதான் அப்பாவின் பயம் முழுக்க முழுக்க நியாயம். நசுக்கி ஈரத்தோடு புளித்த தானியம் மாட்டின் முதல் வயிற்றில் காய்ந்த தானியத்தைவிட வேகமாகக் கரையும். பார்லி அந்த விஷயத்தில் சோளத்தைவிடவும் வேகம். வேகமாகக் கரைந்தால் புளிப்பு மிதமிஞ்சும். அதனால் மாடு சாகும்.

ஒவ்வொரு வருடமும் பட்டிப்பொங்கலுக்கு மறுநாள் காலையில் என் தொலைபேசி அடிக்கும். அன்பு மிகுதியில் பானைப் பொங்கலை வாளி நிறைய வைத்திருப்பார்கள், அயலட்டையிலிருந்தும் வந்து ஆளுக்கொரு கவளம் ஊட்டியிருப்பார்கள். ஒரு முறை போனபோது அந்தப் பசு சந்தனப் பொட்டும் கழுத்து மாலையும் அப்படியே இருக்கப் படுத்துக் கிடந்தது. இடப்பக்க வயிறு வீங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, சாணம் சாம்பல் நிறத் தண்ணீராக, புளித்த மணத்தோடு போய்க்கொண்டிருந்தது. கண் உள்ளுக்குப் போயிருந்தது. இரவே கூப்பிட்டிருந்தால் காப்பாற்றியிருப்பேன். அந்த வீட்டம்மா "சோறுதானே டொக்டர் குடுத்தனாங்கள்" என்று கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. சோறோ சோளமோ, பழகாத வயிற்றுக்கு ஒரேயடியாகப் போகும் மா எல்லாம் ஒன்றுதான்.

அதனால் முதல் நாள் ஒரு நாம்பனுக்கு அரைக் கிலோ, அதையும் காலை மாலை என்று இரண்டாகப் பிரித்து. நாலு நாளைக்கு ஒருமுறை அரைக் கிலோ கூட்டி, இரண்டு கிழமையில் 2 கிலோவுக்கு வாருங்கள். பால்மாட்டுக்கும் அதே படி, ஒன்றரைக் கிலோவில் நிறுத்துங்கள். வெறும் வயிற்றில் ஒருபோதும் வேண்டாம். முதலில் வைக்கல், அதைத் தின்று அசைபோட்ட பிறகு தானியம். சாணம் இளகினால் கூட்டுவதை நிறுத்தி, முந்திய அளவுக்கு இறக்குங்கள். நான் மேலே சொன்ன அடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும் தானியத்தை முற்றாக நிறுத்திவிட்டு உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள், விடியும்வரை பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். பை வைத்த அறைக்குப் பூட்டுப் போடுங்கள். கயிறு அறுத்துக்கொண்டு வந்த நாம்பன் இரவில் ஒரு பையைக் கிழித்துத் தின்றால் பழக்கமெல்லாம் உதவாது.

சோளமும் வைக்கலும் மட்டும் கொடுத்தால் நாம்பன் கொழுக்காது, வயிறுதான் பெருக்கும். இரண்டிலும் புரதம் குறைவு. வேலியில் நிற்கும் கிளிசரியாவை வெட்டி, ஒரு பொழுது வாடவைத்துப் போடுங்கள், பச்சையாகப் போட்டால் மணத்துக்குச் சில மாடுகள் முகம் திருப்பும். இப்பிலிப்பில் குழையும் நல்லது. கிடைத்தால் எள்ளுப் புண்ணாக்கு அரைக் கிலோ.

இன்னொன்று, நாம்பன் வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. தானியங்களில் பொசுபரசு அதிகம், கல்சியம் மிகக் குறைவு. பார்லியும் அப்படித்தான், சோளமும் அப்படித்தான். தானியம் கூடக்கூட, ஆண் மாடுகளில், முக்கியமாகச் சின்ன வயதிலேயே நலமடித்தவற்றில், சிறுநீர்க் குழாயில் கல்லடைக்கும். மனிதருக்குச் சிறுநீர் சரியாகப் போக நாங்கள் கொடுப்பதும் பார்லிதான், மாட்டுக்குக் கல் வரக் காரணமாவதும் அதே பார்லிதான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர்தானே, கல்சியம் அதிலேயே வந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். தாதுக் கலவை வாங்கி அளவாகக் கலந்து கொடுங்கள், உப்புக்கட்டி நக்க வையுங்கள், நாள் முழுக்கத் தண்ணீர் முன்னால் இருக்கட்டும். நாம்பன் வாலைத் தூக்கி முக்கியும் சொட்டுச் சொட்டாகப் போனால் அதுவும் உடனே கூப்பிட வேண்டிய விஷயம்.

பையைத் திறந்ததும் மூக்கை நம்புங்கள். புளித்த தோசைமாவின் மணமும் கொஞ்சம் இனிப்பும் வந்தால் நல்லது. கையை உள்ளே விட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தால் காற்றுப் போயிருக்கிறது. பச்சையாகவோ நீலமாகவோ பூஞ்சணம் கண்டால், அல்லது கெட்ட வெண்ணெய் நாற்றம் வந்தால், அந்தப் பையை எருக்கும்பிக்கு அனுப்புங்கள். கழுவிக் காயவைத்துப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். நஞ்சு கழுவப் போகாது, வெயிலுக்கும் போகாது. பால்மாடு அதைத் தின்றால் பாலிலும் வரும், அந்தப் பாலைக் குடிப்பது உங்கள் வீட்டுப் பிள்ளைகள். போன வருடம் பூஞ்சணம் பிடித்த பொத்தியில் ஏதும் மிச்சம் வைத்திருந்தால் அதையும் இன்றே எறிந்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எட்டுப் பரப்பையும் பொத்திக்காக விடவேண்டுமா? சோளகக் காற்றுத் தொடங்கி ஆவணி முடியும்வரை தென்மராட்சியில் புல்லுக்கு நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும், பனையோலை கிழித்துப் போடும் மாதங்கள் அவை. நாலு பரப்பை இன்னும் முந்தி, மணியில் மாவும் பாலும் பாதிப்பாதியாக இருக்கும்போதே, தண்டு இலை பொத்தி எல்லாம் சேர்த்து விரலிடை நீளத்துக்கு வெட்டி, அதே மாதிரிப் பைகளில் சைலேஜாக, அதாவது மூடிப் புளிக்கவைத்த பச்சைத் தீனியாக, கட்டுங்கள். பால்மாட்டுக்கு அதுதான் கூடுதல் உதவி, வயிற்றைக் கெடுக்கும் ஆபத்தும் குறைவு. மற்ற நாலு பரப்புப் பொத்தி நாம்பன்களுக்குப் போதும்.

நாம்பன் விற்பதைப் பற்றி நீங்கள் எழுதிய வரி என் மனதில் நின்றது. உழவுக்கும் வண்டிக்கும் சவாரிக்கும் நாம்பன் கேட்டு வந்த காலம் குறைந்துபோனதால், பல வீடுகளில் ஆண் கன்றுக்குப் பால்கூட ஒழுங்காக விடுவதில்லை. விற்கத்தான் போகிறோம் என்றாலும், எங்கள் கொட்டிலில் நிற்கும்வரை அது வயிறாரத் தின்ன வேண்டும். விற்கும்போது வியாபாரியின் கண்மதிப்பை மட்டும் நம்பவும் வேண்டாம். தையல் நாடாவால் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்புட்டத்து எலும்பு முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் அளவுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 300ஆல் வகுத்தால் இறாத்தல். அதை 2.2ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 56, நீளம் 50 என்றால் ஏறத்தாழ 237 கிலோ. மாதம் ஒருமுறை அளந்து கலண்டரில் குறித்து வந்தால், தீனி வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இந்தத் தை மாதம் எல்லாவற்றையும் ஈரமாகக் கட்டிவிடாதீர்கள். ஆறு பை மட்டும் கட்டுங்கள், மிச்சத்தைக் காயவைக்கப் பாருங்கள். மூன்று கிழமை கழித்து முதல் பையைத் திறக்கும்போது அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு பிடி எடுத்து மணந்து பார்த்துச் சரி என்றால், அன்று மாலையே ஒரு நாம்பனுக்கு மட்டும், வைக்கலுக்குப் பிறகு, கால் கிலோ வைத்துத் தொடங்குங்கள்.